தோட்டா மேல் பழி போடும் முன்: 50 மீட்டர் ரைபிளில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

"சார், இந்த டப்பா தோட்டா சரியில்ல."

ரேஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் காதில் வாரம் மூன்று முறையாவது இந்த வாக்கியம் விழும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிக்கல் என்னவென்றால், .22 ரைபிளில் சில நாள் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. லாட் எண், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண், மட்டும் வேறு. ஒன்று உங்கள் பேரலில் நூல் பிடித்த மாதிரி விழும், இன்னொன்று கோழி கிளறிய மாதிரி சிதறும். ஆகவே கோணல் கூடத்திலா, ஆட்டத்திலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். டார்கெட்டில் துளைகள் விழுந்திருக்கும் விதமே அதில் பெரும்பாதியைச் சொல்லிவிடும்.

இங்கே பேசப்போவது 50 மீட்டர் ஸ்மால்போர் ரைபிளைப் பற்றி மட்டும். ஒலிம்பிக்கில் இருக்கும், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி, ரியோ 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கை விட்டுப் போன பிரோன் (குப்புறப் படுத்துச் சுடும்) போட்டி, இரண்டுக்கும் .22 லாங் ரைபிள் தோட்டாதான். பாரிஸ் 2024-இல் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளியோடு வெண்கலம் வாங்கியதும் இதே தோட்டாவில்தான். 10 மீட்டர் ஏர் ரைபிள்காரர்களுக்கு உடல் நிலை பற்றிய பகுதிகள் பொருந்தும், தோட்டா பற்றியவை பொருந்தாது. சொல்வதெல்லாம் லைசென்ஸ் பெற்ற ரேஞ்சில், ரேஞ்ச் ஆபீசர் முன்னிலையில் செய்வதற்கு.

முதலில் அளவுகோல்

10-வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் ஈயத் துண்டின், விட்டம் 5.6 மி.மீ. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீக்குள் விழுந்தால் போதும். தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மி.மீ. 10.9 வேண்டுமென்றால் 0.8 மி.மீக்குள் நிற்க வேண்டும், 10.0-க்கு 8 மி.மீ வரை போகலாம்.

இதைத் திருப்பிப் போட்டால் தோட்டாவுக்கான அளவுகோல் கிடைக்கும். ரைபிளை ஆடாமல் பிடித்து வைத்துச் சுடும்போது, பத்து துளைகளின் மொத்தக் கூட்டமும் வெளி விளிம்போடு சேர்த்து 21.6 மி.மீக்குள் அடங்கினால், அந்த லாட் எல்லாவற்றையும் பத்துக்குள் போடும் திறன் உள்ளது. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவு. நாணயத்துக்குள் அடங்காத லாட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் நல்லா பிடி" என்று மாணவனைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கருவி செலவில்லாதது: ஷாட் கால். ட்ரிகர் விழுந்த நொடியில் முன் சைட் (குறி பார்க்கும் வளையம்) எங்கே இருந்தது என்று, மானிட்டரைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்வது. "ஒன்பது, மூன்று மணி" (ஒன்பதாவது வளையம், கடிகார முகத்தில் மூன்று மணிப் பக்கம், அதாவது வலதுபுறம்) என்று சொன்னீர்கள், மானிட்டரும் அதையே காட்டுகிறது என்றால் கோளாறு உங்களிடம். தோட்டா சொன்னபடி போயிருக்கிறது. "நடுப்பத்து" என்று சொன்னது எட்டு மணிக்கு ஒன்பதாக விழுந்தால் காற்றையும் கருவியையும் தோட்டாவையும் சந்தேகிக்கலாம். மானிட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு இருபது ஷாட் சுட்டு, சொன்னதை நோட்டில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். இதைச் செய்யாமல் கீழே இருக்கும் எதையும் படித்துப் பயனில்லை.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்லிங்கையும் (கையை ரைபிளோடு கட்டும் வார்) தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "இப்ப நல்லா இருக்கு" என்றால், எது நல்லது செய்தது என்பது யாருக்கும் தெரியாது.

குரூப் (துளைகளின் கூட்டம்) மேலும் கீழுமாக நீள்கிறது

தோட்டாவைச் சந்தேகிக்க மிக நியாயமான அறிகுறி இது. கணக்கைப் பாருங்கள். மேட்ச் (போட்டித்தர) தோட்டாவின் குண்டு சுமார் 40 கிரெய்ன் ஈயம், அதாவது 2.6 கிராம், வினாடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்புகிறது. 50 மீட்டர் போய்ச் சேர ஏறத்தாழ 0.16 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 12 செ.மீக்குச் சற்று மேல் கீழே இழுத்துவிடுகிறது. சைட் அந்த 12 செ.மீயை ஈடுகட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தோட்டா இன்னொன்றைவிட வினாடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் விழும் இடம் சுமார் 7 மி.மீ இறங்கும். கிட்டத்தட்ட ஒரு வளையம் போச்சு. நீங்கள் எதுவும் தப்பு செய்யவில்லை.

மேட்ச் தோட்டாவுக்கும் சாதாரணத் தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாக இந்த இடத்தில்தான். மேட்ச் தோட்டா வேகமானது அல்ல, ஒரே சீரானது. ஈலி கம்பெனியின் டெனெக்ஸ் மேட்ச் தோட்டாப் பெட்டியில் அந்த லாட்டின் வேகத்தையே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து "வினாடிக்கு 1,070 அடியா, 1,060 அடியா, எது நல்லது?" என்று கேட்பவர்கள் உண்டு. எண் பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. பெட்டிக்குள் இருக்கும் ஐம்பதும் அந்த எண்ணை ஒட்டி நிற்கிறதா என்பதும், உங்கள் பேரலுக்கு அது பிடிக்கிறதா என்பதும்தான் கேள்வி. இரண்டையும் பெட்டி சொல்லாது.

ஆனால் தோட்டாவுக்குத் தண்டனை கொடுக்கும் முன் உங்கள் மூச்சை விசாரியுங்கள். பிரோனில் மூச்சு விடும்போது முன் சைட் மேலே ஏறும், இழுக்கும்போது இறங்கும். ஒவ்வொரு ஷாட்டையும் மூச்சின் வேறு வேறு இடத்தில் விட்டால் இதே செங்குத்துக் கோடுதான் கிடைக்கும். ரைபிளின் பின்முனையான பட் பிளேட் தோளில் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் உட்காரவில்லை என்றாலும் அப்படித்தான். இடது முழங்கை பாயில் மெல்ல வழுக்கினாலும் அப்படித்தான்.

பிரித்துப் பார்க்கும் வழி: ரைபிளின் முன்பகுதியை மணல் மூட்டையில் வைத்து, அதே லாட்டில் பத்து பத்தாக நான்கு குரூப் சுடுங்கள். மூட்டையிலும் நீண்டால் தோட்டா. மூட்டையில் உருண்டையாகவும் ஸ்லிங்கில் நீளமாகவும் வந்தால் நீங்கள். ஐந்து ஷாட் குரூப் போட்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்து ஷாட்டில் மோசமான லாட்கூட ஒருநாள் அழகி வேஷம் போடும்.

அகலவாட்டில் பரவுகிறது

இங்கே தோட்டா கடைசிச் சந்தேக நபர். முதல் நபர் காற்று.

குறுக்குக் காற்று வினாடிக்கு 1 மீட்டர் வீசினால் மேட்ச் தோட்டா 50 மீட்டரில் சுமார் 6 மி.மீ தள்ளும். கன்னத்தில் லேசாகப் படுகிறதே என்று தோன்றும் காற்று 2 மீட்டர் இருக்கும். அது ஒன்றரை வளையம். வலமுறுக்குப் பேரலில் (உள்ளே இருக்கும் வரிகள் வலப்பக்கமாக முறுக்கிச் செல்வது) இந்தத் தள்ளல் படுகிடையாக இருக்காது. வலப்பக்கக் காற்று குண்டை இடதுபுறம் சற்று மேலே, பத்து மணிப் பக்கம் கொண்டுபோகும். இடப்பக்கக் காற்று வலதுபுறம் சற்றுக் கீழே, நான்கு மணிப் பக்கம். துளைகள் நான்குக்கும் பத்துக்கும் நடுவே சாய்ந்த கோடாக நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம். கொடியைப் பாருங்கள். 50 மீட்டர் ரேஞ்சில் கொடிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நிற்கும். புதியவர்கள் டார்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே பார்ப்பார்கள். குண்டை அதிகம் கெடுப்பது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் 10 மீட்டர் கொடிக் காற்று. ஆரம்பத்திலேயே திசை மாறிய குண்டு மிச்ச தூரம் முழுக்க விலகிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு தப்பான வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். "காத்து தள்ளுது, வேகமான தோட்டா போட்டா சரியாயிடும்" என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது நேர் எதிர். ஹை வெலாசிட்டி .22 வினாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும். அது ஒலியைவிட வேகம். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு மிக அதிகம், குண்டு வேகமாக வேகத்தை இழக்கும். காற்று தள்ளும் அளவைத் தீர்மானிப்பது போகும் நேரம் மட்டுமல்ல, வழியில் இழக்கும் வேகம். கணக்குப் போட்டால் 1 மீட்டர் காற்றுக்கு 8 மி.மீக்கு மேல் தள்ளும். காசும் போய்ப் பத்தும் போகும்.

காற்றில்லாத நாளிலும் அகலமாக வந்தால், ரைபிள் தானாக எங்கே பார்க்கிறது என்று சோதியுங்கள். குறி பார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். முன் சைட் டார்கெட்டின் கறுப்பு வட்டத்துக்கு இடதுபுறம் போயிருந்தால், இத்தனை நேரம் கைப்பலத்தால் அதை நடுவே தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ட்ரிகர் விழும்போது தசை தளரும், குண்டு இடதுபுறம் போகும். கையால் திருத்தாதீர்கள், உடம்பை நகர்த்துங்கள்.

அடுத்தது சாய்வு. ரைபிளை 5 டிகிரி வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் குண்டு சுமார் 11 மி.மீ வலதுபுறம் போகும். சாய்த்துப் பிடிப்பது தப்பல்ல. நல்ல சுடுநர் பலர் சாய்த்தே பிடிக்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறு வேறு சாய்வு இருப்பதுதான் தப்பு. ஸ்டாண்டிங்கில் நாற்பது நிமிடம் நின்ற பிறகு கழுத்து வலிக்கும், தலை மெல்லச் சரியும், ரைபிளும் கூடவே சரியும். முன் சைட்டில் இருக்கும் குறுக்குப் பட்டையோ ரசமட்டமோ அதைக் காட்டிக்கொடுக்கும். பார்க்க வேண்டியது நீங்கள்.

இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுகிறது

ஆறு ஷாட் ஒரு இடத்தில், நாலு ஷாட் இன்னொரு இடத்தில், நடுவே வெட்டவெளி. இதைப் பார்த்ததும் ஆலன் கீயை எடுங்கள்.

எனக்கே நடந்தது. போட்டிக்காகத் தில்லிக்கு ரயிலில் போனேன். இறங்கிய மறுநாள் பயிற்சியில் துளைகள் இரண்டு ஊராகப் பிரிந்து விழுந்தன. தோட்டா லாட்டைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன், பக்கத்து லேன்காரரின் தோட்டாவைக் கடன் வாங்கிச் சுட்டேன். அதுவும் இரண்டு ஊர். பிறகு ஒரு பெரியவர் வந்து, ஒன்றும் பேசாமல், ஸ்டாக்கும் (ரைபிளின் உடல்) ஆக்‌ஷனும் (தோட்டா போட்டுச் சுடும் பகுதி) சேரும் திருகைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். முன் திருகு கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. முப்பது மணி நேர ரயில் அதிர்வு. அன்றிலிருந்து டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பானர்) இல்லாமல் ஊர் தாண்டுவதில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ரைபிளின் கையேட்டில் இருக்கும் எண்ணைப் பின்பற்றுங்கள். "நல்லா டைட்டா" என்பது எண் அல்ல.

திருகுகள் சரி என்றால் பின் சைட்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் கன்னம் ஸ்டாக்கில் இரண்டு வேறு இடங்களில் உட்காருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, வெட்கப்படாமல், டப்பாவைப் பாருங்கள். நேற்றைய மிச்சம் ஏழு தோட்டாவை இன்றைய டப்பாவில் கொட்டி வைத்தது யார்?

முதல் சில ஷாட் மட்டும் எங்கோ போகிறது

பேரலைச் சுத்தம் செய்த அடுத்த நாளா? அப்படியானால் கவலை வேண்டாம். .22 குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அது பேரலின் உட்சுவரில் ஒரே சீராகப் படியும் வரை குண்டுகள் அலையும். பத்து இருபது ஷாட்டில் அடங்கிவிடும். கம்பெனி மாற்றும்போதும் இதே கதை: பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு. ஒரு புதுத் தோட்டாவைப் பத்து ஷாட் போட்டுப் பார்த்துவிட்டு "இது ஆகாது" என்று தள்ளிவிடும் பலர், உண்மையில் பழைய தோட்டாவின் மெழுகைத்தான் சோதித்திருக்கிறார்கள். பேரல் பழகும் வரை சுட்டுவிட்டு, அதற்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள். போட்டிக்கு முந்தின இரவு பேரலைப் பளபளவென்று துடைத்து வைப்பது பக்தி. அதற்கு மறுநாள் காலை சைட்டர் ஷாட்டுகளில் (கணக்கில் சேராத ஆரம்பச் சோதனை ஷாட்டுகளில்) விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் நன்றாகப் போகும்போது ஒன்று மட்டும் ஓடிவிடுகிறது

ஷாட் கால் சரியாக இருந்தும் ஒன்று தனியே போனால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, தோட்டாவின் மூக்கு. ஈயம் மென்மையானது. தரையில் விழுந்த தோட்டா, நகம் பட்டுக் கீறிய தோட்டா, கையால் உள்ளே தள்ளும்போது சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) விளிம்பில் உரசிய தோட்டா, எல்லாம் பயிற்சி டப்பாவுக்குப் போக வேண்டும். மணல் ஒட்டிய தோட்டா குப்பைக்கே போக வேண்டும். மெழுகில் ஒட்டிய மணல் பேரலுக்குள் போனால் உப்புத்தாள்.

இரண்டு, சேம்பரில் வெந்த தோட்டா. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முப்பது ஷாட் தொடர்ந்து சுட்டுச் சூடான பேரலில் தோட்டாவைப் போட்டு, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழை) மூடி, காற்று மாறட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருக்கிறீர்கள். உள்ளே வெடிமருந்து சூடேறுகிறது, மெழுகு இளகுகிறது. அந்தத் தோட்டா மற்றவற்றைப் போல நடந்துகொள்ளாது. காத்திருக்க வேண்டுமென்றால் போல்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஏப்ரல், மே வெயிலில் தோட்டா டப்பாவைப் பாயின் மேல் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் இதன் இன்னொரு வடிவம்.

மூன்று, லாட்டின் குணமே அது. நூற்றுக்கு இரண்டு மூன்று ஓடும் லாட்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க அதிக எண்ணிக்கையில் சுட்டுப் பார்ப்பது தவிர குறுக்கு வழி இல்லை. ரிம் (தோட்டாக் கூட்டின் அடி விளிம்பு) தடிமனை கேஜில் அளந்து பிரித்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மலிவுத் தோட்டாவில் அது ஏதோ கொஞ்சம் உதவலாம். மேட்ச் தோட்டாவில் அந்த நேரத்துக்கு டிரை ஃபயர் (தோட்டா போடாமல் ட்ரிகர் பயிற்சி) செய்யலாம் என்பது என் கட்சி.

லாட் சோதனை பற்றி, இந்த இடத்திலேயே

ஐரோப்பியச் சுடுநர்கள் தங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு பிர்மிங்காமில் ஈலியின் சோதனை ரேஞ்சுக்கோ, ஜெர்மனியில் ஷோனெபெக்கில் இன்னொரு தோட்டா கம்பெனியான லாப்புவாவின் ரேஞ்சுக்கோ போவார்கள். ஆக்‌ஷனோடு பேரலைக் கிளாம்பில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, எது பிடிக்கிறதோ அதில் ஆயிரக்கணக்கில் வாங்கி வருவார்கள். நம் ஊரில் தோட்டா இறக்குமதியாகி வந்து கைக்குக் கிடைப்பதே பெரிய பாடு. லாட் பார்த்துப் பொறுக்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு இல்லை.

அதனால் இருப்பதைத் தலைகீழாகச் செய்யலாம். தோட்டாவைத் தேடி ரைபிள் போக முடியாதபோது, கிளப்பில் வந்திருக்கும் மூன்று லாட்டில் எது எந்த ரைபிளுக்குப் பிடிக்கிறது என்று பங்காளிகளாக உட்கார்ந்து சுட்டுப் பாருங்கள். எனக்கு ஆகாத லாட் பக்கத்து லேன் தம்பிக்கு அமிர்தமாக இருந்திருக்கிறது. அப்புறம் கிளப் கணக்கிலேயே சரியான லாட் சரியான ஆளுக்குப் போய்விடும். பிடித்த லாட்டைப் போட்டிக்கு ஒதுக்குங்கள். பயிற்சிக்கு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் மாதிரி நடுத்தர விலைத் தோட்டா தாராளமாகப் போதும். பயிற்சியில் தினமும் விலை உயர்ந்ததைச் சுடுபவர், பெரும்பாலும் தன் பிடியின் கோளாறை நல்ல தோட்டாவால் வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்.

ஊரில் நன்றாகச் சுட்டேன், தில்லிக் குளிரில் எல்லாம் இறங்கிவிட்டது

1982 ஆசியப் போட்டிக்காகக் கட்டிய கர்ணி சிங் ரேஞ்சில் குளிர்காலக் காலை ரிலேயில் சுட்டவர்களுக்கு இது தெரியும். குளிரில் மருந்து மெதுவாக எரியும், பூச்சு கெட்டிப்படும், ஜீரோ (சைட்டை வைத்தபடி குண்டு போய் விழும் இடம்) இறங்கும். இது எதிர்பார்க்க வேண்டியது. சைட்டர் நேரத்தில் சைட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். போல்ட்டுக்குள் கெட்டி கிரீஸ் பூசியிருந்தால் ஃபயரிங் பின்னும் சோம்பலாகும். குளிர் ஊருக்குப் போகும் முன் அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று: ஒலியின் வேகமும் குளிரில் இறங்கும். 35 டிகிரியில் அது வினாடிக்கு 352 மீட்டர், 5 டிகிரியில் 334. சென்னையில் ஒலிக்குக் கீழே வசதியாகப் பறந்த சற்று வேகமான லாட், அங்கே ஒலி எல்லையை ஒட்டி உரசிக்கொண்டு பறக்கலாம். குண்டு தடுமாறும் இடம் அதுதான். குளிர் ஊருக்கு இரண்டு லாட் கையில் இருந்தால் மெதுவானதையும் எடுத்துப் போவது நல்லது.

'டிக்' என்றது, வெடிக்கவில்லை

இங்கே ஸ்கோரை மறந்துவிடுங்கள். ரைபிள் முனை டார்கெட்டை நோக்கியே இருக்கட்டும். குறைந்தது முப்பது வினாடி அசையாதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்து ரிம்மில் பின் அடித்த தழும்பைப் பாருங்கள்.

தழும்பு ஆழமாக, தெளிவாக இருக்கிறதா? கோளாறு தோட்டாவில். .22-இல் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை, ரிம்மின் உள்விளிம்பைச் சுற்றி நிரப்பப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் அது இல்லாமல் போனால், பின் சரியாக அங்கேயே அடித்தால், வெடிக்காது. தழும்பு ஆழமில்லாமல் நகக்குறி மாதிரி இருக்கிறதா? கோளாறு ரைபிளில்: ஸ்பிரிங் களைத்திருக்கும், பின் முனை தேய்ந்திருக்கும், போல்ட் முழுதாக மூடாமல் இருந்திருக்கும், அல்லது மேலே சொன்ன கிரீஸ்.

'டுப்' என்பதற்குப் பதிலாக 'புஸ்' என்று பலவீனமாகக் கேட்டால் இன்னும் ஆபத்து. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. காலி என்று உறுதிசெய்து, ராடு விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது.

தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கிறது, காலிக் கூடு வெளியே வர மறுக்கிறது

சேம்பர் முடிந்து முறுக்கு தொடங்கும் இடத்தில் கரியும் மெழுகும் சேர்ந்து ஒரு வளையம் கட்டும். மேட்ச் சேம்பர் இறுக்கமானது. போல்ட் மூடும்போதே குண்டு முறுக்கில் லேசாகப் பதியும். கரி வளையம் சேர்ந்தால் அதுவே முட்டுக்கட்டை. பேரலின் பின்பக்கமிருந்து, ராடு கைடு வைத்து, அந்த இடத்தை மட்டும் கரைப்பானால் நனைத்துத் துடைத்தால் போதும். முனைப்பக்கமிருந்து ராடு விட்டு விளிம்பைத் தேய்த்துவிட்டால் அப்புறம் எந்த லாட்டும் கைகொடுக்காது.

இதே இறுக்கத்தால் இன்னொரு தொல்லை: சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு முறுக்கிலேயே தங்கிக்கொண்டு, கூடு மட்டும் வந்து, மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டும். ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டு ராடால் தள்ளி எடுங்கள். அடுத்த தோட்டாவால் அதைத் தள்ளலாம் என்ற எண்ணம் மனதில் வரவே கூடாது. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், எல்லாம் ஈயம்.

பாதிப் போட்டிக்குப் பிறகு ஸ்கோர் சரிகிறது

தோட்டா பாதி டப்பாவில் கெட்டுப்போகாது. ஸ்லிங் வியர்வையில் கையில் வழுக்கி ஒரு அங்குலம் இறங்கியிருக்கும். போட்டி தொடங்கும் முன் ஜாக்கெட் கையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தால் தெரிந்துவிடும். முன் சைட் இதயத்துடிப்போடு துள்ளினால் ஸ்லிங் ரத்தக்குழாய் மேல் உட்கார்ந்திருக்கிறது, இடம் மாற்றுங்கள். கறுப்பைச் சுற்றி வெள்ளை மங்கினால் கண் களைத்திருக்கிறது. பத்து வினாடிக்கு மேல் குறி பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழைய படத்தையே பிடித்து வைத்துக்கொண்டு ஏமாற்றும். அந்த ஷாட்டை விட்டு ரைபிளை இறக்கிவிடுங்கள். முன் சைட் வளையம் மிகச் சிறியதாக இருந்தாலும் அது நடுங்கிக்கொண்டே இருப்பதாகத் தோன்றி, ட்ரிகரைப் பிடுங்க வைக்கும். ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். சூடான பேரலிலிருந்து எழும் கானல் சைட் முன்னால் ஆடினால், பேரலுக்கு மேலே ஒரு நாடாப் பட்டை கட்டினால் போதும்.

துளையே இல்லை

மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. தோட்டா எங்கே?

ஏதென்ஸ் 2004, மூன்று நிலை இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் முன்னிலையில் இருந்தார். கடைசி ஷாட் சுமாராக விழுந்தாலே தங்கம். சுட்டார். அவர் டார்கெட்டில் ஒன்றும் இல்லை. அவர் லேன் இரண்டு, குண்டு விழுந்தது மூன்றாவது லேன் டார்கெட்டில், 8.1. கணக்கில் பூஜ்யம். எட்டாவது இடத்துக்குப் போனார். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்கு. நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் மறுபடியும் முன்னிலை, கடைசி ஷாட் 4.4, நான்காம் இடம்.

எந்த லாட்டும் இதற்குப் பதில் சொல்லாது. நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: கன்னம் வைக்கும் முன், தோட்டாவைக் கையில் எடுக்கும்போதே, டார்கெட்டின் மேல் இருக்கும் லேன் எண்ணை ஒருமுறை கண்ணால் படிப்பது. முதல் ஷாட்டுக்கு மட்டுமல்ல, அறுபதுக்கும். பயிற்சியில் டிரை ஃபயர் செய்யும்போதும் எண்ணை முணுமுணுக்கச் சொல்வேன். பக்கத்து லேன் தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும், போன மாதம் உள்ளூர்ப் போட்டியில் அவன் டார்கெட்டில் பதினொன்றாவது துளை ஒன்று வந்தது, அது யாருடையது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.